லுக்குட் சாலையில் இருவர்

லுக்குட் சாலையில் மாட்டுவண்டிக்காகக் காத்திருக்கிறேன். அருகே காளி மூட்டையோடு நிற்கிறாள். ரப்பர்த் தோட்டத்தில் மரம் கீறிப் பால் எடுக்கிறவள். அவளைக் கோலா சாவா தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். வழியனுப்ப வந்த முனியம்மா அவள் கையை விடவே இல்லை.

"அக்கா தங்கச்சியா?" என்று கேட்கிறேன்.

"இல்லைங்க. ஊர விட்டுக் கப்பல்ல வந்த நாள்லேருந்து ஒரே வீடு," என்கிறாள் முனியம்மா. "கங்காணி பார்த்த மாப்பிள்ளைய நான் வேணாம்னுட்டேன். அந்தக் கோவத்துலதான் எங்களப் பிரிக்கிறாரு."

வண்டி வருகிறது. நானும் காளியும் ஏறியதும், முனியம்மாவும் வெறுங்கையோடு ஏறி உட்காருகிறாள்.

காளி பதறுகிறாள். "ஒப்பந்தம் முடியறதுக்குள்ள நீ ஓடிப்போயிட்டதா போலீசுல சொல்லுவாங்கடி. எறங்கு."

"எறங்கி? அங்க தனியா எனக்குச் சோறு எறங்காதுடி."

வண்டி நகர்கிறது. காளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூட்டையைத் தள்ளி அவளுக்கு இடம் விடுகிறாள்.