மிதந்த துளி

அக்கா அழகாகிவிட்டாள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயமே, வரிசை வீடுகள் அத்தனையும், பேசிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி மேட்டுப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த என்னிடம், தண்ணீர்ப் பீலியில் நின்ற பெண்கள்தான் முதலில் சொன்னார்கள்.

"ஒங்க அக்காளப் போய்ப் பாரு. தொரைசாணி கணக்கா வெளுத்துட்டா. கன்னமெல்லாம் உப்பிக்கிச்சு."

"ஆம்பளப் புள்ளதான். பொட்டப் புள்ளயின்னா தாயோட அழகைத் திருடிக்கிட்டுல்ல பொறக்கும்?"

"நீயும் இருக்கியே, படிச்சுப் படிச்சுக் கருவாடா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிறு வயது முதலே ஒல்லி. வெயிலிலும் மழையிலும் மலையில் கொழுந்து பறித்துக் கறுத்தவள். கல்யாணமாகிச் சில வருஷங்கள் வயிறு திறக்காமல் பேச்சு வாங்கியவள். இப்போது கர்ப்பம், நிறம், சதை எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது என்றால் யார்தான் சந்தோஷப்படமாட்டார்கள்?

எங்கள் குடும்பத்தில் பெயரெழுதத் தெரிந்த முதல் ஆள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஐந்து வகுப்பையும் தாண்டி ஹட்டனுக்குப் போன முதல் ஆளும் நான்தான். அந்தப் பெருமையை நான் ஒளித்ததில்லை, இங்கேயும் ஒளிக்கப்போவதில்லை. அந்த வருஷம் உடலமைப்பைப் பற்றிப் படித்தோம். டீச்சர் நீலச் சுண்ணாம்புக்கட்டியாலும் சிவப்புச் சுண்ணாம்புக்கட்டியாலும் கரும்பலகையில் இதயத்தை வரைவார். அதன் நான்கு அறைகளையும் கதவுகளையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். தாதியாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

என்னைக் கண்டதும் அக்கா வாசல் இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து இறங்கி என் பையை வாங்க வந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு துள்ளிக்கொண்டிருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. மேடு ஏறுனாப்பல இருக்கு."

அங்கே மேடு எதுவும் இல்லை.

அவளை உட்காரவைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். கொய்யாப்பழத்தின் உட்புறம்போலச் சிவந்திருக்க வேண்டிய இடம் வாழைத்தண்டாக வெளுத்திருந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். ரொட்டி மாவில் அழுத்தியதுபோலக் குழி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழி மூடவில்லை.

அது சதையல்ல, தண்ணீர். அது நிறமல்ல, இரத்தம் இல்லாமை. லயம் எதையெல்லாம் பார்த்து மகிழ்ந்ததோ அதெல்லாம் ஒரே நோயின் அடையாளங்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்ததும் வராததுமா புள்ளத்தாச்சி மேல கண்ணு போடாதடி."

அம்மாவுக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்று யோசித்தேன். நாம் இழுக்கிற மூச்சை உடம்பெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரத்தத்தில் இருக்கிற சிவப்பு. ஒவ்வொரு சிவப்பும் கூடை சுமக்கிற ஓர் ஆள் மாதிரி. அக்காவின் குடலில் கொக்கிப்புழு இருக்கிறது. அது கடித்துத் தொங்கிக்கொண்டு நாள் முழுவதும் இரத்தம் குடிக்கிறது. ஆட்கள் குறைந்துபோனார்கள். ஆனால் சுமக்கவேண்டிய கொழுந்து குறையவில்லை, பிள்ளைக்கும் சேர்த்துக் கூடிவிட்டது. இருக்கிற கொஞ்சம் பேரையே இதயம் விரட்டி விரட்டி ஓடவைக்கிறது, கங்காணி மாதிரி. விரட்டி விரட்டி இப்போது கங்காணிக்கே பெலன் போய்விட்டது. அதனால்தான் தண்ணீர் காலில் இறங்கி நிற்கிறது.

அம்மா நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அந்தக் கங்காணியக் கொஞ்ச நேரம் ஒக்காரச் சொல்லேன்டி."

"அவரு ஒக்காந்தா எல்லாம் முடிஞ்சிரும்மா."

அம்மா கை மாவோடு என்னை முறைத்தாள். மறுபடி ரொட்டி தட்டத் தொடங்கினாள்.

புழு எப்படி உள்ளே போனது என்பதையும் நான் அறிவேன். லயத்துக்குப் பின்னால் வாழைக்கன்றுகளின் ஓரத்தில்தான் எல்லாரும் ஒதுங்குவார்கள். அந்த ஈர மண்ணில்தான் எல்லாரும் வெறுங்காலோடு நடப்பார்கள். விரலிடுக்கில் புண்ணும் அரிப்பும் வந்தால் சேத்துப்புண் என்று சாம்பலைத் தடவுவார்கள். அந்த வழியாகத்தான் அது ஏறுகிறது. வருஷத்துக்கொரு முறை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்திப் பூச்சி மருந்து ஊற்றுவார்கள். அதைக் குடித்தால் தலை சுற்றும், வயிறு போகும். அக்கா அதை வாயில் அடக்கிக்கொண்டு வேலிப் பக்கம் போய்த் துப்பிவிடுவாள். அக்கா மட்டுமில்லை, பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். தலைச்சுற்றலோடு சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியாது.

மறுநாள் அக்கா அடுப்புக்குப் பின்னால் குந்தியிருந்தாள். அடுப்பு மண்ணை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் பார்த்துவிட்டாள்.

"இதான்டி! இதத் தின்னுதான் வெளுத்திருக்கா. மண்ணு ரத்தத்தக் குடிச்சிருச்சு!"

அம்மா அக்காவின் வாய்க்குள் விரலை விட்டு மண்ணைத் தோண்டி எடுத்தாள். அக்கா சிறு பிள்ளைபோல அழுதாள். "மழ வாசம் வருதும்மா. இருக்க முடியல." மண் தின்பதால் இரத்தம் குறையவில்லை, இரத்தம் குறைந்ததால்தான் மண் கேட்கிறது என்று நான் கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா அடுப்பைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினாள். நோய்க்கு வைத்தியம் முடிந்தது என்று நிம்மதியானாள்.

அக்காவின் புருஷனிடம் போனேன். தேயிலை ஆலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை செய்தவர், நல்ல மனுஷன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஹட்டனுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ பிடிக்கவேண்டும் என்று புதுச் சேலை எடுத்து வைத்திருந்தார்.

"மாமா, போட்டோ இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நல்லா இருக்கிறவளுக்கு எதுக்குப் பாப்பா ஆஸ்பத்திரி?"

"நல்லா இல்ல மாமா. செத்துருவா."

அவர் முகம் மாறியது. "ஒனக்குப் பொறாமையா? ஒரு நாளாச்சும் அவ அழகா இருக்கக் கூடாதா?"

அந்தச் சொல் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே அக்காவால் படுக்க முடியாமல் போய்விட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. அரிசிச் சாக்கைச் சுருட்டி முதுகுக்கு வைத்து உட்காரவைத்தோம். உதடு நீலம் பாரித்தது. நான் மருந்துசாலைக்கு ஓடினேன். டாக்டரையா என்று நாங்கள் அழைத்தவர் உண்மையில் மருந்து கொடுப்பவர்தான். ஆனாலும் வந்து அவள் மார்பில் குழாயை வைத்தவுடன் தோட்டத்து லொறியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஸ்டேஷனுக்குப் போகிற தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அக்காவின் தலை என் தோளில் மோதியது. பெட்டிகளின் வாசனையை அவள் ஆழமாக இழுக்க முயன்றாள். மூச்சு எட்டவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அந்த வேளையிலும் மாமா என்னைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, இதயம் தளர்ந்துகொண்டிருக்கிறது, குழந்தையின் துடிப்பும் கேட்கவில்லை என்றார் டாக்டர். அவளுக்குப் பொருத்தமான இரத்தம் இங்கே இல்லை, வேறு ஊரிலிருந்து வரவேண்டும், வரும்வரை காத்திருப்பது ஆபத்து, சொந்தக்காரர்கள் யாராவது கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

அம்மாவுக்குச் சொன்னேன்.

"குடுத்தா நமக்குத் திரும்ப ஊறுமாடி?"

"ஊறும்மா."

"ஊறாட்டியும் பரவாயில்ல. எடுக்கச் சொல்லு."

முந்திக்கொண்டு நான்தான் விரலை நீட்டினேன். தங்கச்சியின் இரத்தம் அக்காவுக்குப் பொருந்த நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று படித்திருந்தேன். இத்தனை வருஷப் படிப்பும் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்றுகூட நினைத்தேன். தாதி விரலில் குத்தி ஒரு துளியை எடுத்து, நீலத் தண்ணீர் இருந்த கண்ணாடிக் குவளைக்குள் விட்டாள். நல்ல இரத்தம் கனமானது, மூழ்கும். என் துளி கொஞ்சம் இறங்கியது. நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்து மிதந்தது.

"மறுபடி பாருங்க மிஸ்ஸி. எங்கயோ பிழை."

அவள் மறுபடி குத்தினாள். இரண்டாவது துளியும் மிதந்தது. அவள் சிங்களத்தில், கோபமில்லாமல், உனக்கே மருந்து வேண்டும் தங்கச்சி என்றாள்.

வந்த நாள் முதல் லயத்தில் எத்தனையோ பேரின் இமையை இழுத்துப் பார்த்திருந்தேன். கண்ணாடி முன் நின்று என் இமையை இழுத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. பள்ளிக்கூட மாடிப் படி ஏறினால் எனக்கும் மூச்சு வாங்கும், ஹட்டன் குளிர் என்று நினைத்துக்கொள்வேன். பாடம் படித்த பிள்ளைக்குள்ளும் அதே புழு இருந்திருக்கிறது. அது வகுப்புப் பார்த்தா ஏறும்?

அம்மாவின் துளியும் மிதந்தது. இறங்கக்கூட இல்லை.

மாமாவின் துளி மட்டும் கல்லைப்போல மூழ்கியது. நாளெல்லாம் ஈர மண்ணில் கால் படாமல் ஆலைக்குள் பலகைத் தரையில் வேலை செய்கிறவர். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எம்புட்டு வேணும்னாலும் எடுக்கட்டும்." ஆனால் அவருடைய இரத்த வகை வேறு. அதை ஏற்றினால் அக்காவின் உடம்பே அதை எதிர்த்து உடைத்துவிடும். இதை அவருக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவர் சுருட்டிய கையை இறக்கவே இல்லை. கடைசிவரை அப்படியே இருந்தார்.

வெளியூரிலிருந்து இரத்தப் போத்தல் வந்து சேர்ந்தபோது வெளியே மழை கொட்டியது. இரும்புக் கம்பியில் தொங்கவிட்டார்கள். ஒரு சொட்டு, நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி இப்பிடிச் சொட்டுது? பீலி அடச்சாப்பல? வேகமா தொறந்துவிடச் சொல்லுடி!"

"வேகமா விட்டா இதயம் தாங்காதும்மா. நுரையீரல்ல தண்ணி ஏறிரும்."

"ரத்தமில்லன்னுதான சாகுறா! ரத்தம் இருக்கும்போதும் ஏன்டி தர மாட்டேங்குற?"

நான் ஏதோ என் கையில் அடைத்து வைத்திருப்பதுபோல அவள் கேட்டாள். காய்ந்த செடிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா தாதியின் காலைத் தொடப் போனாள். நான் பிடித்து இழுத்தேன். மெதுவாக விட்டால் இரத்தம் போதாது, வேகமாக விட்டால் இதயம் மூழ்கும். இரண்டுக்கும் நடுவிலிருந்த வழி எவ்வளவு ஒடுங்கியது என்று அந்த அறையில் டாக்டருக்கும் தாதிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. தெரிந்து எனக்கு ஆனது ஒன்றுமில்லை.

அக்கா ஒருமுறை கண் திறந்தாள். "பாப்பா, குளுருது" என்றாள். கம்பளியை இழுத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் அவள் வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. டாக்டர் ஓடிவந்தார். ஊசி போட்டார். நிமிர்த்தி உட்காரவைத்தார். கழுத்து நரம்பின் துள்ளல் தடுமாறியது. ஓடியது. நின்றது.

மாமா சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அம்மா அழவில்லை. அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பியில் தொங்கிய போத்தலையே பார்த்தாள். பாதிக்கு மேல் அதில் மீதி இருந்தது. தாதி வந்து குழாயை அழுத்தி அடைத்தாள். ஊசியைக் கழற்றக் குனிந்தாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, அத வீசிராதீங்க. மிச்சத்த இவளுக்கு ஏத்துங்க. இவளுக்கும் மெதந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். இவ ஒருத்தியாச்சும் இருக்கட்டும் மிஸ்ஸி."

தாதிக்குத் தமிழ் அவ்வளவாக விளங்காது. அவள் என்னைப் பார்த்து, அம்மா என்ன கேட்கிறாள் என்று சிங்களத்தில் கேட்டாள்.

அம்மாவின் கை தாதியின் கையை விடவில்லை. அவர்கள் இருவரும், சுவரோரம் மாமாவும், என் வாயையே பார்த்தார்கள்.

"தண்ணி கேக்குறாங்க" என்றேன் சிங்களத்தில்.

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போய் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மா அதை வாங்கி, எதற்கென்று கேட்காமல், முழுவதையும் குடித்தாள்.