எங்கள் வீட்டில் குடியேறிய நால்வர்

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் தெருவின் முனையில் ஒரு பழைய மர மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கேதான் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். மண்டபம் அந்தப் பகுதியின் வரலாற்றுச் சங்கத்துக்குச் சொந்தம். சங்கம் என்றாலும் அதில் இருப்பவர்கள் ஏழெட்டு வெள்ளைக்கார முதியவர்கள்தான். அவர்களில் எண்பதைத் தாண்டிய ஒரு ஓய்வுபெற்ற பிளம்பரிடம் மண்டபத்தின் சாவி இருக்கும். வகுப்புக்கு முன்னதாகவே வந்து ஹீட்டரைப் போட்டு வைத்துவிட்டு, "பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மண்டபத்தின் சுவரில் நான்கு பெரிய படங்கள் தொங்கின. அந்தப் பகுதியில் முதன்முதல் குடியேறிய வெள்ளைக்காரர்களின் பழைய புகைப்படங்கள், கனத்த மரச் சட்டங்களுக்குள். மார்புவரை தாடி வளர்த்த நில அளவையாளர் ஒருவர், கறுப்பு உடுப்பில் ஒரு விதவை, செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர், ஒரு பாதிரியார். நால்வரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பாடம் சொல்லிக் கொடுக்கும்போது நான்கு பரிசோதகர்கள் பின்னால் நிற்பது போலவே எனக்கு இருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் விடாமல் மழை பெய்து மண்டபத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது. கூரையை மாற்றி முடியும்வரை படங்களை எங்காவது ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். சங்கத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் முதியோர் குடியிருப்புகளில் ஒற்றை அறையில் இருந்தார்கள். பிளம்பர் கவலையோடு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என்னை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்த என் கணவர் யோசிக்காமல் வாயைத் திறந்தார். எங்கள் வீட்டில் வைக்கலாம் என்றார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "இஞ்சேருங்கோ, ஆரைக் கேட்டு ஓமெண்டனீங்கள்?"

"பாவம் மனுசன். எங்கட ஹோல் சுவர் சும்மாதானே கிடக்குது."

"நாலு பேர், அதுவும் செத்த ஆக்கள்."

"வாடகைக்கு ஆள் வைக்கிறதைவிட இது சுகம். சமையலறைக்கு வரமாட்டினம்" என்றார்.

பென்ரோஸில் அவர் வேலை செய்யும் கிடங்கிலிருந்து பழைய போர்வைகளைக் கேட்டு வாங்கிவந்து, படங்களைச் சுற்றிக் கட்டி, குழந்தைகளைத் தூக்குவது போலத் தூக்கிவந்தார். ஆணி அடித்து வரிசையாக மாட்டினார். அன்றிலிருந்து நாங்கள் தொலைக்காட்சி பார்ப்பதும் சண்டை பிடிப்பதும் அவர்கள் முன்னிலையில்தான்.

ஏவன்டேலிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "உவையள் ஆரடி? உன்ர மனுசன்ர பக்கத்து ஆக்களே?"

"ஓம் அக்கா, தகப்பன் வழி" என்றார் என் கணவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அக்கா தாடிக்காரரையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு ஒத்துப்போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பிளம்பர் புதன்கிழமைதோறும் படங்களைப் பார்க்க வந்தார். ஈரம் பிடித்திருக்கிறதா என்று சட்டங்களின் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பார். பிறகு இஞ்சித் தேநீரும் வடையுமாக இருந்து, ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்லுவார். விதவை கப்பலில் வந்து இறங்கிய ஆண்டிலேயே கணவனை இழந்தவர். ஊர் திரும்ப வழியில்லாமல் வீட்டின் முன்னறையைக் கடையாக்கிப் பிள்ளைகளை வளர்த்தார். சூளைக்காரரின் செங்கற்கள் இன்னும் சில வீடுகளின் புகைபோக்கிகளில் இருக்கின்றன. பாதிரியாருக்குப் பாட்டு வராது. தாடிக்காரரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். அந்த நில அளவையாளர் பிளம்பரின் தாய் வழிப் பூட்டன். "என் கைகள் அவருடையவை" என்று தன் தடித்த விரல்களைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவார். உண்மையிலேயே ஒரே கைகள்.

வந்து சில வாரங்களில் எனக்கும் அவர்கள் பழகிப்போனார்கள். அந்தக் காலத்துக் கமராவின் முன் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால்தான் எவரும் சிரிக்கவில்லை என்று பிளம்பர் சொல்லியிருந்தார். அதன் பிறகு விதவையின் முகத்தில் கண்டிப்பைவிடக் களைப்புத்தான் எனக்குத் தெரிந்தது. இரவு வேலை முடிந்து வந்து கண்ணாடியில் பார்த்தால் எனக்கும் அதே முகம்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி. தன் மரத்து எலுமிச்சம்பழங்களை வேலிக்கு மேலால் தருவார். நான் கறி கொடுப்பேன். ஒருநாள் மழையென்பதால் உள்ளே வரச் சொன்னேன். பழப்பையுடன் ஹோலுக்குள் வந்தவர் தாடிக்காரரின் முன்னால் நின்றுவிட்டார்.

"இவரை எனக்குத் தெரியும்" என்றார் ஆங்கிலத்தில். "என் குடும்பத்தின் தோட்டங்களை அளந்து துண்டு போட்டவர். அளந்த பிறகு அவை எங்களுடையவையாக இருக்கவில்லை."

தேநீர் போடட்டுமா என்று கேட்டேன்.

"குடிக்கிறேன். ஆனால் இவர் பார்த்துக்கொண்டிருக்க என்னால் குடிக்க முடியாது."

நான் யோசித்து முடிப்பதற்குள் என் கணவர் எழுந்து, படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். பெண்மணி நன்றி சொல்லிவிட்டு அமர்ந்தார். இரண்டு கோப்பை தேநீர் குடித்தார். தன் முழங்கால் வலியைப் பற்றியும் என் மகளின் படிப்பைப் பற்றியும் கதைத்தார்.

அவர் போன பிறகு கணவரிடம், "இனித் திருப்பி விடுங்கோவன்" என்றேன்.

"கிடக்கட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஊரில எங்கட காணிக்கு ஆமி முள்ளுக்கம்பி அடிக்க முந்தியும் ஒருத்தன் வந்து அளந்தவன்தானே. கையில நாடாவோட, நல்ல மரியாதையாத்தான் கதைச்சவன்" என்றார்.

புதன்கிழமை பிளம்பர் வந்தார். தன் பூட்டனின் முதுகைத்தான் பார்த்தார். கணவர் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். கிழவர் நாற்காலியின் நுனியில் இருந்து கேட்டார். வடையைத் தொடவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அந்தப் பெண்மணி இங்கே வருவாரா?" என்றார் கடைசியாக.

என் மகள் போய்க் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் பெண்மணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கிழவர் எழுந்து நின்று தான் யாரென்று சொன்னார். பெண்மணி அவரைப் பார்த்து, "எங்கள் வீடுகளிலும் இறந்தவர்களின் படங்கள் சுவரில் இருக்கும். அவர்களோடு நேருக்கு நேர் பேசுவோம். நல்லதென்றாலும் கெட்டதென்றாலும்" என்றார்.

"அப்படியென்றால் அவரோடு பேசுங்கள்" என்றார் கிழவர். அவரே படத்தைத் திருப்பினார்.

பெண்மணி நேராக நின்று மாவோரி மொழியில் பேசினார். சத்தம் போடவில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து நிறுத்தி வைத்துக் கதைப்பது போல இருந்தது. பள்ளியில் கொஞ்சம் மாவோரி படித்த என் மகள் என் காதருகில், "தோட்டங்களின் பெயர்களைச் சொல்கிறார் அம்மா" என்றாள், ஆங்கிலத்தில். பிறகு, "அங்கே பிறந்த ஆட்களின் பெயர்களை." அதன் பிறகு அவளும் மொழிபெயர்க்கவில்லை. கிழவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஏச்சு வாங்குபவருக்குத் துணையாக நிற்பவரைப் போல, படத்தின் பக்கத்திலேயே நின்றார். முடிவில் பெண்மணி ஒரு சிறிய பாட்டுப் பாடினார். பிறகு தேநீர் கேட்டார். இந்தமுறை படத்தைத் திருப்பச் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வசந்தத்தில் கூரை வேலை முடிந்தது. நால்வரும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். தாடிக்காரரின் கீழே, அவர் அளந்த நிலம் யாருடையது என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்று பிளம்பர் சங்கத்தில் கேட்டார். அது லேசில் நடக்கவில்லை. அவரோடு பல வருடம் பழகிய ஒருவர் சங்கத்தை விட்டே விலகினார். அது கிழவரை வருத்தியது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதி வைத்தார். தோட்டங்களின் பெயர்களைப் பெண்மணி சொல்லிக் கொடுத்தார். அவருடைய முன்னோரின் படத்தையும் அங்கே மாட்டலாமே என்று கிழவர் கேட்டபோது மட்டும் தலையை அசைத்தார். "அவர்களுக்குத் தொங்க வேறு வீடு இருக்கிறது."

எங்கள் ஹோல் சுவரில் இப்போது நான்கு ஆணிகள்தான். கணவருக்கு அவற்றைப் பிடுங்க மனமில்லை. "விதவை அம்மா போனாப் பிறகு வீடு வெறிச்செண்டு கிடக்குது" என்று சில நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்க்கப் படங்கள் இல்லாவிட்டாலும் பிளம்பர் புதன்கிழமைகளில் வருகிறார். தேநீர் குடித்த பிறகு பெரும்பாலும் வேலியைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்கும் போவார். அங்கே சமையலறைக் குழாய் ஓயாமல் ஒழுகும். இந்த வயதில் அவரைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே படுக்க விடலாமா என்று பெண்மணியிடம் ஒருநாள் கேட்டேன்.

"நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், கேட்கிறாரா? நேற்று அவர் முதுகு பிடித்துக்கொண்டது. எழுப்பி உட்கார வைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது" என்றார். பிறகு அடுப்பில் இருந்த சூப்பைக் கிளறிவிட்டு, அவருக்கு உப்புக் குறைவாகத்தான் போட வேண்டும் என்றார்.