தேய்ந்த கித்தாருக்குப் பாலிஷ் போட்ட கதை

பாலிஷ் போடுகிறவனுக்கு எதிரி தேய்மானம்தான். அவனுக்குச் சோறு போடுவதும் அதுதான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்துக்கொண்டு பங்களா அலமாரி, சர்ச் பெஞ்சு, எஸ்டேட் ஆபீஸ் மேஜை என்று தேய்த்துக்கொண்டிருந்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வரிசையில் கித்தாரும் வந்து சேர்ந்தது. முதலில் கொண்டுவந்தவர், இங்கே ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த ஸ்டெல்லா டீச்சர். முதுகுப் பலகை விட்டுப்போன ஒரு கித்தாரை ஒட்டிக் கொடுத்தேன். மலையில் கித்தார் வைத்திருந்த நாலு பேருக்கு அவர் சொல்ல, அவர்களும் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

டீச்சருக்கு அது நிரந்தர வேலை இல்லை. கித்தார் வகுப்பு இருக்கிறவரைக்கும்தான் சம்பளம். வகுப்பு வேண்டாம் என்று நிர்வாகக் கமிட்டி நினைத்துவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திருச்சியில் படுக்கையில் இருந்த அப்பாவுக்கு இவர் ஒரே பெண். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அந்த வேலைக்கு வேட்டு வைக்க இருந்தவன் நானேதான். அடுத்தவர் பொருளில் கை வைத்து, நல்லது செய்கிறோம் என்று நினைத்து, வாங்கிக் கட்டிக்கொண்ட டெய்லர், கொத்தனார், வாட்ச் ரிப்பேர்காரர் யாராவது இதைப் படித்தால் என் பக்கம் நிற்பீர்கள் என்று நம்புகிறேன்.

இலவச இணைப்பு

நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கித்தார் வாசிப்பவர். கம்பியை முறுக்குகிற சாவி ஒன்று நிற்காமல் சுற்றுகிறது என்று கித்தாரைக் கொடுத்துவிட்டுப் போனார். சாவியைச் சரிசெய்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கித்தாரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முழங்கை படுகிற ஓரத்தில் பாலிஷ் போய் வெறும் மரம் தெரிந்தது. நடு ஓட்டைக்குக் கீழே நகம் பட்டுப் பட்டு உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்துபோயிருந்தது. மனிதர் தங்கமானவர், நம் அன்பளிப்பாக இருக்கட்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் மறைத்து, முகம் பார்த்துத் தலை வாரலாம் என்கிற அளவுக்கு ஆக்கிவைத்தேன்.

சனிக்கிழமை வந்தார். கித்தாரை மடியில் வைத்தார். முழங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். புது வீட்டில் இருட்டுக்குள் சுவிட்சைத் தேடுகிறவரைப் போல விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"சாவி நல்லா ஆயிருச்சுங்க பாய். என்ர கித்தாரு எங்கீங்க?"

முதுகு தேய்ந்தவர்

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கேட்காமல் பாலிஷ் போடுவதில்லை. தேய்ந்த இடத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். அடக்கிக்கொண்டு முதலில் உற்றுப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஆளையே படிக்க முடிந்தது. முழங்கை தேய்ந்த இடத்தை வைத்து ஆள் உயரமா குட்டையா என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

குப்பனூரிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். அந்தக் காலத்து சினிமா கிராப், கழுத்தில் கைக்குட்டை. பத்து வருஷமாகக் கித்தாரும் தானுமாக இருப்பதாகச் சொன்னார். கித்தாரின் முன்பக்கம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது, ஒரு நகக்கீறல் கிடையாது. திருப்பினால் முதுகு மட்டும் பெல்ட் பக்கிள் உரசி உரசிக் குதறிப்போயிருந்தது. "தம்பி, முன்னாடி தேயவே இல்லையே?" என்றேன். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வாசிக்கத் தெரியாதுங்க பாய். தோள்ல மாட்டிக்கிட்டு ஏரிப் பக்கமா நடந்தா நொம்பப் பேரு திரும்பிப் பாப்பாங்க."

கொய்யாத் தோட்டத்து வித்வான்

நான் பார்த்ததிலேயே அதிகம் தேய்ந்த கித்தார் செம்மநத்தத்து விவசாயி ஒருவருடையது. காலி செய்த பங்களாவில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போனாராம். மிச்சம் இரண்டே கம்பி. அதன் கீழே பலகை தேய்ந்து தேய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் போனால் கை உள்ளே போய்விடும். சர்ச்சில் வாசிக்கிற ரைட்டரே இவ்வளவு சாதகம் செய்ததில்லை. நான் எழுந்து நின்றே பேசினேன்.

மழைக்குத் தாங்குகிற மாதிரி கெட்டியாக ஒரு பாலிஷ் வேண்டும் என்றார். கித்தாரை மழையில் எதற்கு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். தோட்டத்தில்தானே இருக்கிறது என்றார். தினமும் விடிந்ததிலிருந்து வாசிப்பாராம். என்ன பாட்டு வாசிப்பீர்கள் என்று பயபக்தியோடு கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்:

"பாட்டெல்லாம் எதுக்குங்க? கொய்யாவுல உக்காந்த கிளி எந்திரிச்சாப் போதுமுங்க."

கேட்டுத்தான் செய்தேன்

ஒரு ஏப்ரல் மாதம், பள்ளி விடுமுறை. பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், டீச்சரும் திருச்சிக்குப் போயிருந்தார். பள்ளி ஆபீஸ் மேனேஜர் ஆள் விட்டார். போனேன். மே மாதம் கமிட்டி வருகிறதாம், எந்த வகுப்பை வைப்பது, எதை எடுப்பது என்று பார்க்கப் போகிறார்களாம். பன்னிரண்டு கித்தாரையும் வராந்தாவில் சாத்திவைத்திருந்தார். மூன்று வருஷம் ஹாஸ்டல் பிள்ளைகள் கையில் பட்ட கித்தார்கள். ஒன்றுகூட முழு மேனியாக இல்லை. "இதைப் பாத்தா கமிட்டி என்ன நெனைக்கும்? பளபளன்னு இருக்கோணும் பாய்" என்றார். என் சட்டம் ஞாபகம் வந்தது. "எல்லாத்தையும் மறைச்சுடலாமுங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். மறைச்சுடுங்க என்றார். கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று, வேறென்ன வேண்டும்?

பலகை மெல்லிசு, ஆழமாக இழைத்தால் பொத்துக்கொள்ளும். அதனால் வியர்வை ஊறிக் கறுத்த இடங்களை இழைக்காமல், மேலே கலர் ஏற்றி, கீறல்களை அரக்கால் அடைத்து, பாலிஷின் மேல் பாலிஷாக எட்டு நாள் போட்டேன். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. கமிட்டி வருகிற அன்று காலையில்தான் டீச்சர் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். வரிசையாக மின்னிக்கொண்டிருந்த பன்னிரண்டையும் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைக்க ரொம்ப நேரம் ஆனது. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரொம்ப நல்லா இருக்கு பாய். இதுவரைக்கும் யாருமே தொடாத மாதிரி இருக்கு."

தலைவர் கண்ணாடி போட்டார்

மேடை மேஜையின் காலில் ஒரு கீறல் இருந்ததால் அதைச் சரிசெய்துகொண்டு நான் ஹாலிலேயே இருந்தேன். கமிட்டி வந்தது. தலைவர் சேலத்திலிருந்து வந்த பெரியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கித்தாராக எடுத்தார், திருப்பினார், வைத்தார். நான் பயந்த கேள்வி நாலாவது கித்தாரில் வந்தது. "மூணு வருஷம் வகுப்பு நடந்ததா சொல்றீங்க. ஒரு கீறல்கூட இல்லையேம்மா?" டீச்சர் பிள்ளைகளின் பெயர் எழுதிய வகுப்பு நோட்டை நீட்டினார். "இதை எழுதினது நீங்கதானே?" என்று மூடிவைத்தார். வாசித்துக் காட்டப் பிள்ளைகளும் ஊரில் இல்லை. மேனேஜரோ, வாசலிலேயே 'பொருளை எப்படிப் பாதுகாக்கிறோம் பாருங்க' என்று பெருமை அடித்துவிட்டதால், மின்விசிறியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய், நான்தான் பாலிஷ் போட்டேன், உள்ளே எல்லாம் தேய்ந்துதான் இருக்கிறது என்றேன். தலைவர் கித்தாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பாலிஷ் போட்டிருந்தா போட்ட இடம் தெரியாதா?" என்றார். "நான் போட்டா தெரியாதுங்க" என்றேன். அந்த நேரத்திலும் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன், என்ன செய்ய. டீச்சருக்காகப் பரிந்து பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. டீச்சர் தலை குனிந்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

நான் போடுவது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டில் கரைத்துப் போடுவது, ஸ்பிரிட் பட்டால் கரைந்தே போய்விடும். மேஜை வேலைக்குக் கொண்டுவந்திருந்த ஸ்பிரிட்டில் துணியை முக்கி எடுத்து முதல் கித்தாரின் முகத்தில் அழுத்தித் துடைத்தேன். துணி பழுப்பாயிற்று. இன்னொரு தரம் துடைத்ததும், முழங்கை வைக்கிற ஓரத்தில் கறுப்பாக ஒரு திட்டு மேலே வந்தது. ஓட்டைக்குக் கீழே நகக்கீறல்கள் ஒவ்வொன்றாக வந்தன. அடுத்ததைத் துடைத்தேன், அதில் திட்டு இரண்டு விரல் தள்ளி இருந்தது, குட்டைப் பிள்ளை. மூன்றாவதில் கறை பரந்து கிடந்தது, பல பிள்ளைகள் மாறி மாறி வாசித்தது. டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு திட்டுக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். நோட்டில் இருந்த அதே பெயர்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, கறுப்புத் திட்டில் தன் முழங்கையை வைத்துப் பார்த்தார்.

"போதும் பாய். டீச்சர் வேலையில இருக்கட்டும், நீங்க மிச்சம் ஒன்பதையும் துடைச்சுட்டுப் போங்க."

என் தொழிலில் நான் செய்ததிலேயே சிறந்த வேலை எது என்று யாராவது கேட்டால், எட்டு நாள் போட்ட பாலிஷை ஒரே பகலில் வழித்து எடுத்ததுதான் என்று இப்போதெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.