கைநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு நம்பர்

யுனிவர்சிட்டியில எனக்கு மேஜர் வரலாறு, மைனர் பெண்ணியல். ஊர்ல கேட்டவங்களுக்கெல்லாம் அதை விளக்கி வாய் வலிச்சதுதான் மிச்சம். "பொம்பளையாப் பொறந்துட்டு பொம்பளையைப் பத்தி என்னம்மா படிப்பு லா?"ன்னு ஜாசின் டவுனுக்குப் போற பஸ்ல ஒரு அக்கா கேட்டாங்க. அப்போ சிரிச்சேன். இப்போ கேட்டா எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுவேன்.

மைனரை முடிக்க ஒரு விருப்பப்பாடம் பாக்கி இருந்துச்சு. பெண்களும் சட்டமும், இலக்கியத்தில் பெண்கள், பெண்களும் உழைப்பும், இந்த மூணுல ஒண்ணு எடுக்கணும். சட்டத்துக்குத் தலையணை மாதிரி புத்தகம். இலக்கியத்துக்கு வாரம் ஒரு நாவல். உழைப்புக்கு மட்டும் பரீட்சையே கிடையாது. வேலை செய்யுற ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்து அறிக்கை எழுதினா போதும். வீட்டுலேயே ஆள் இருக்கே, எனக்கென்ன கவலைன்னு அதுக்குப் பேர் குடுத்தேன். சமூக அக்கறையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சோம்பேறித்தனம்.

பெம்பானுக்கு உள்ளே தள்ளி இருக்கிற பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்துல அம்மா மருந்து அடிச்சாங்க. முதுகுல மருந்து டாங்கியைக் கட்டிக்கிட்டு, வெறுங்கையால களைக்கொல்லியைக் கலக்கி அடிக்கிற வேலை. நகமெல்லாம் கறுத்து, அடியோட கழண்டு விழும். ரசம் பட்டா விரல் எரியும்னு சோத்தைக் கரண்டியாலதான் சாப்பிடுவாங்க. சின்ன வயசுல அதை ஸ்டைல்னு நினைச்சிருக்கேன்.

பேட்டின்னதும் அம்மா பிடி குடுக்கல. "வேணாம்டி. மானேஜர் காதுக்குப் போச்சுன்னா என் வேலை போயிடும்."

"பேரே போட மாட்டேம்மா, சத்தியமா. அதான் எங்க ரூல்."

ரூல் அப்படித்தான் இருந்துச்சு. பேட்டி குடுக்கிறவங்க யாருன்னு வெளியே தெரியக் கூடாதுன்னு விரிவுரையாளர் பத்து தடவை சொல்லியிருந்தாங்க. சம்மதப் பாரத்துல பேர் எழுத இடமே கிடையாது, கையெழுத்து மட்டும் போதும். தோட்டத்துல பேட்டி எடுக்க மானேஜரும் அனுமதி குடுத்துட்டார், சிரிச்ச முகத்தோட. முடிஞ்சதும் ஒரு காப்பி அவருக்கு வேணுமாம், அவ்வளவுதான்.

நான் சத்தியம் பண்ணினதால அம்மா பேசினாங்க. துணியை மடிச்சுக்கிட்டே ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினாங்க. கையுறை கேட்டா 'அடுத்த மாசம்'னு வருஷக்கணக்கா சொல்றது, வெயில்ல மூக்குல ரத்தம் வர்றது, வேலை வாங்குற தண்டல்கிட்ட சொன்னா 'மூஞ்சியைக் கழுவிட்டு அடி'ங்கறது, எல்லாம். என்கிட்ட அதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசியா பாரத்தை நீட்டினேன். அம்மாவுக்குக் கைநாட்டுதான். பெருவிரலை மையில தொட்டு வெச்சாங்க. அப்புறம் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, பக்கத்துலேயே தோட்டத்துல ஆளுக்கு ஒண்ணுன்னு குடுத்திருக்கிற செக்ரோல் நம்பரைக் குண்டு குண்டா எழுதினாங்க. சம்பள நாள்ல அப்படித்தான், கைநாட்டு வெச்சா நம்பரும் போடணும். அவங்களுக்கு எழுதத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அதே தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து வளர்ந்தவதானே நானும், என் கண்ணுக்கும் அது தப்பாவே படல. அட, அம்மா எழுதுறாங்களேன்னு பெருமைதான் பட்டேன். மூளையை எங்கே அடகு வெச்சிருந்தேனோ, பாவி!

அறிக்கைக்கு ஏ கிரேடு கிடைச்சுது. வகுப்புல வாசிச்சுக் காட்டினாங்க, பின்வரிசைப் பொண்ணு ஒருத்தி அழுதாள். லீவுக்கு வந்தப்போ மானேஜரோட காப்பியை நானே தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி கையில குடுத்தேன். கடைசிப் பக்கத்துல சம்மதப் பாரத்தோட.

ரெண்டு வாரம் கழிச்சு, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல தண்டல் நம்பர் நம்பரா கூப்பிட்டுக்கிட்டு வந்தவர், அம்மா நம்பரைத் தாண்டி அடுத்த நம்பருக்குப் போயிட்டார். டாங்கியை மாட்டிக்கிட்டு அம்மா கடைசி ஆள் போற வரைக்கும் நின்னாங்க. கிராணி வந்து, "மருந்து உடம்புக்கு ஒத்துக்கலன்னு சொல்லியிருக்கீங்களாமே? வீட்டுல ரெஸ்ட் எடுங்க"ன்னார்.

விரிவுரையாளர்கிட்ட ஓடினேன். ரொம்ப வருத்தப்பட்டாங்க. அடுத்த வருஷ மாணவர்களுக்கு இதை ஒரு பாடமா சொல்றேன்னாங்க. நல்லா சொல்லுங்க! எங்கம்மா வேலை போனது உங்களுக்கு ஒரு பாடம்.

அப்பா அதே தோட்டத்துல செம்பனைப் பழம் வெட்டினதால தோட்டம் குடுத்த வீடு மட்டும் தப்பிச்சுது. தன் சம்பளத்துல ஜாசின் பாசாருக்குப் போய் வேணுங்கிறதை வாங்கிக்கிட்டு வந்த அம்மா, அதுக்கப்புறம் ஒரு முழம் பூவுக்கும் அப்பா முகத்தைப் பார்க்கணும். அப்பா நல்ல மூடுல இருந்தா பூ உண்டு. ஆணைச் சார்ந்து வாழும் நிலைன்னு அந்தப் பாடத்துல ஒரு தலைப்பே இருந்துச்சு. நோட்ல சிவப்பு மையில கோடு போட்டு அழகா எழுதி வெச்சிருக்கேன்.

அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். நான் மருதாணி அரைச்சுக்கிட்டு இருக்கும்போது அம்மா வந்து எதிர்ல உக்காந்து ரெண்டு கையையும் நீட்டினாங்க. எரியும்னு இத்தனை வருஷமா மருதாணியைத் தொடாதவங்க. பத்து விரல்லயும் புது நகம் முளைச்சிருந்துச்சு.

"வெச்சு விடுடி"ன்னாங்க. "காயுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கேன். எனக்கு வேற என்ன வேலை இருக்கு?"