அரிசி குடோன் மாடியில் ஒரு தூதரகம்

ஏற்றுமதித் தொழிலில் சரக்கை அனுப்புவது பெரிய விஷயமில்லை. அது போய்ச் சேர்ந்தது என்று சேதி வரும்வரை முதலாளியைச் சமாளிப்பதுதான் பெரிய விஷயம். கப்பல் காகிதங்களோடு மல்லுக்கட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்ட என் சக ஜீவன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளி காதர் பாய். ராயபுரத்தில் கீழே அரிசி குடோன், மேலே ஆபீஸ். எங்கள் 'முயல் மார்க்' புழுங்கல் அரிசி பல வருஷமாக ஒரு சின்னத் தீவு நாட்டுக்குப் போகிறது. நாட்டின் பெயர் வேண்டாம். உலகப் படத்தில் அதன்மேல் விரலை வைத்தால் நாடு, தலைநகரம், துறைமுகம் எல்லாம் விரலுக்கு அடியில் போய்விடும். ஒவ்வொரு தடவை சரக்கு கிளம்பும்போதும் பாய் அதில் ஒரு பிடி அரிசி எடுத்து எவர்சில்வர் டம்ளரில் போட்டு மேஜைமேல் வைப்பார். அங்கே அரிசியை இறக்கும் வியாபாரி போன் செய்து, வந்துவிட்டது, டேமேஜ் இல்லை என்று சொல்ல வேண்டும். பாய் உடனே, எடை கம்மி இல்லையே என்று கேட்பார். இல்லை என்று பதில் வந்ததும் டம்ளரை எடுத்துப் போய் மொட்டை மாடியில் புறாக்களுக்குக் கொட்டிவிட்டு, எங்களுக்கெல்லாம் சமோசா வாங்கித் தருவார். போன் வராதவரை எல்லோர்மேலும் எரிந்து விழுவார். அந்த டம்ளருக்கு எதிரே உட்கார்ந்து கப்பல் காகிதம் அடிப்பது வியாசர்பாடி வசந்தியாகிய என் வேலை.

போர்டு

திடீரென்று அந்த நாட்டு அரசாங்கம் பாயைச் சென்னையில் தன் கௌரவத் தூதராக நியமித்துவிட்டது. சம்பளம் கிடையாது. ஒரு கொடி, ஒரு முத்திரை, ஒரு பித்தளை போர்டு, அவ்வளவுதான். அப்படி ஒரு நாடு இருப்பது சென்னையில் தெரிந்த ஒரே ஆள் இவர் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

போர்டு மாட்டிய மறுநாள் மாடிப்படி ஏறி வந்த முதல் ஆள் கன்னியம்மா அக்கா. தெருமுனையில் மீன் விற்பவர். பாய் முன்பு ஒரே ஒரு முறை எங்கள் வார்டு கவுன்சிலராக இருந்தார். அப்போதிலிருந்து அக்காவுக்கு அவரிடம் புகார் சொல்லித்தான் பழக்கம். பாய் தன் காலத்தில் தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தார். குழாயில் தண்ணீர் வருவதற்குள் பதவி முடிந்து, அடுத்த தேர்தலில் தோற்றும் போனார். "நான் இப்ப கவுன்சிலர் இல்லம்மா, வேற நாட்டுக்குத் தூதர்" என்று பாய் பொறுமையாக விளக்கினார். அக்கா போர்டையும் கொடியையும் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த நாட்டுக்காரன் கைலயாச்சும் சொல்லு பாய், நம்ம தெரு கொயாய்ல தண்ணி வர்லன்னு. இங்க எவன் காதுலயும் வுயமாட்டுது."

தயிர் சாதம்

தூதர் என்றால் விருந்துகளுக்குப் போக வேண்டும். பெரிய ஓட்டலில் ஏதோ ஒரு நாட்டின் தேசிய தினம். பாய் கோட்டு மாட்டிக்கொண்டார். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சுற்றிலும் நிஜத் தூதர்கள். உலகப் பொருளாதாரம், கடல் எல்லை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. பாய்க்கு அதிலெல்லாம் மனசு ஒட்டவில்லை. தட்டில் இருந்த தயிர் சாதத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, இரண்டு விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்தார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"புது அரிசி. சரியாப் பழசாகல. இதை எவன் இவங்க தலையில கட்டினான்?" என்று பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தூதருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் இங்கிலீஷில் அதை மழுப்பி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போது, பரிமாற நின்ற சமையற்காரர் குனிந்து பாயின் காதோரம் சொன்னார்: "பாய், சத்தமாப் பேசாதீங்க. போன வாரம் உங்க குடோன்லதான் வாங்கினது."

ஈரம் இல்லை

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த தூதரகத்துக்கு உண்மையான வேலை போன மழைக்காலத்தில் வந்தது. துறைமுகத்துக்கு வந்த ஒரு சரக்குக் கப்பலில் அந்தத் தீவு நாட்டுப் பையன் ஒருவன் மாலுமி. பெயர் அன்டோன். வயிற்று வலியில் துடித்தவனை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. அவசரத்தில் அவன் பாஸ்போர்ட்டும் கேப்டனோடு போய்விட்டது. குடல்வால் அழற்சி, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து தூதருக்குப் போன் வந்து நாங்கள் போனபோது, அவனோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் போனில் ஒரு பெண்ணின் படம். நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. அதைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்கிறான், அவன் பாஷை யாருக்கும் புரியவில்லை. பேச்சுத் துணை இல்லாத ஊரில் செத்துப்போவோம் என்று அவன் பயந்தது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

பாய் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாஷையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அரிசி வியாபாரிக்குத் தேவையான வார்த்தைகள்தான். தினமும் போனில் கேட்டுக் கேட்டு அவை எனக்கும் அத்துப்படி. பாய் அதையே மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்: நல்ல அரிசி. ஈரம் இல்லை. கப்பல் கிளம்பும். பத்திரமாக வந்து சேரும். பையன் அவர் முகத்தையே பார்த்தான். வலியோடு சிரித்தான். அப்புறம் விக்கி விக்கி அழுதான். அழுதுகொண்டே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். நர்ஸ் அசந்துபோனார்: "காலையிலேர்ந்து நாங்க கெஞ்சுறோம், அப்படி என்ன சார் சொன்னீங்க?" பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சதைச் சொன்னேன் சிஸ்டர். அரிசி நல்லா இருக்குன்னேன்."

முயல்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பையனை எங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருந்த அறையில் தங்க வைத்தோம். அவனை ஏற்றுக்கொண்டது கன்னியம்மா அக்காதான். அன்டோன் என்ற பெயர் அவர் வாயில் அந்தோணி ஆனது. முதலில் இட்லியும் ரசமும், பிறகு காரமில்லாத சங்கரா மீன் குழம்பு. கூடவே தமிழ்ப் பாடமும். ஆனால் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைச்சன் பிள்ளை. பாஸ்போர்ட் எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டெல்லியில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகம் ஒரு வழி சொன்னது: இவன் எங்கள் நாட்டான்தான் என்று கௌரவத் தூதர் தன் பொறுப்பில் சான்று தரட்டும், தற்காலிகப் பயணப் பத்திரம் தருகிறோம்.

இங்கேதான் பாயின் தொழில் புத்தி குறுக்கே வந்தது. குத்தூசியால் மூட்டையைக் குத்தி உள்ளே இருக்கும் அரிசியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. "கப்பல்காரன் சொல்றான், ஆஸ்பத்திரி சொல்லுது. நான் என்னத்தைப் பாத்துப் போடுறது?" என்று குடோனுக்கும் மாடிக்கும் நடந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் அந்தப் பொண்ணு வயிறு காத்திருக்குமா பாய்?" என்று கேட்டேன். பாவம், அவருக்கும் அதே கவலைதான்.

அன்று அந்தோணி முதல் முறையாகக் குடோனுக்குள் இறங்கி வந்தான். ஏற்றுமதிக்கு அடுக்கி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். ஓடிப்போய்ச் சாக்கிலிருந்த முயலைத் தடவினான். ஊசியால் தைப்பது போலக் கையை அசைத்தான்; அம்மா என்றான். தோளில் பை மாட்டிப் பள்ளிக்கூடம் போவது போல நடந்து காட்டினான். எங்கள் சாக்குதான் அவன் பள்ளிக்கூடப் பையாக இருந்திருக்கிறது. பிறகு சாக்கு முயலின் இடது காதை விரலால் மறைத்து, அது மடிந்திருக்க வேண்டுமே என்பது போல விரலை மடக்கி எங்களைப் பார்த்தான்.

பாய் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். முன்பெல்லாம் எங்கள் அச்சுக் கட்டையில் இடது காது உடைந்து, சாக்கில் மடிந்த காதாகத்தான் விழும். கட்டையை மாற்றிப் பல வருஷமாகிறது. உள்ளூரில் நாங்கள் விற்கும் அரிசி படம் இல்லாத சாக்கில்தான் போகும். முயல் சாக்கு அந்தத் தீவைத் தவிர எங்கும் போனதில்லை. காது மடிந்த முயலைப் பார்த்தவன் அந்த ஊரில் வளர்ந்தவனாகத்தான் இருக்க முடியும். பாய் என்னைக் கூப்பிட்டார்: "வசந்தி, அந்தப் பேப்பரை எடும்மா. இவன் நம்ம அரிசி தின்னு வளந்த புள்ள."

உள்ளே இருப்பது

சந்தோஷ அவசரத்தில் சான்றிதழை நானே அடித்தேன். பல வருஷப் பழக்கம், கை தானாக ஓடியது. பெயர், ஊர், வயது எல்லாம் சரி. அதற்குக் கீழே, கப்பல் காகிதத்தில் வழக்கமாக வரும் வாசகத்தையும் அடித்துத் தொலைத்திருக்கிறேன்: வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் உள்ளது, உள்ளே இருப்பதை நாங்கள் திறந்து பார்க்கவில்லை. பாயும் அதைப் படித்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று முத்திரை குத்திவிட்டார். அவருக்கும் அதே பழக்கம்தானே.

டெல்லித் தூதரகத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். குரலைக் கேட்டதும் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "மேடம், நீங்கள் திறந்து பார்க்கவில்லை என்கிறீர்கள். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் திறந்து பார்த்துத் தைத்ததாக எழுதியிருக்கிறதே, எதை நம்புவது?"

டம்ளர்

ஒருவழியாகப் பயணப் பத்திரம் வந்தது, அந்தோணி விமானம் ஏறினான். ஆஸ்பத்திரியில் அவன் கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையைப் பாய் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஏர்போர்ட்டிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அதை டம்ளரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தீவுப் பக்கம் புயல் என்று செய்தியில் சொன்னார்கள். அரிசி வியாபாரியும் போனை எடுக்கவில்லை. பாயின் பழைய அரசியல் நண்பர் ஒருவர் வந்து, "பையன் நடுவுல எறங்கி எங்கயாச்சும் ஓடிட்டா, கையெழுத்துப் போட்ட உன் தலைதான் உருளும்" என்று நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். பாய் யார்மேலும் எரிந்து விழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடிவிடுவார். கன்னியம்மா அக்கா வியாபாரத்தை முடித்ததும் கூடையோடு வந்து எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று பேரும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கும் அடுத்த நாள், மத்தியானத்துக்கு முன் போன் அடித்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். ஒரே இரைச்சல். அதற்கு நடுவே, ராயபுரத்துத் தமிழில், அக்காவின் அச்சு அசலான இழுப்போடு ஒரு குரல்: "பாய், வந்துகீறேன் பாய். டேமேஜ் இல்ல பாய்." பின்னாலேயே வீறிட்டு ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை.

பாய் எழுந்து நின்றார். அவர் வாயில் வேறு எதுவும் வரவில்லை, பழக்க தோஷம், அந்தப் பாஷையில், "எடை கம்மி இல்லையே?" என்று கேட்டார். அந்தோணி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "மூணு கிலோ, பாய்!" என்று கத்தினான்.

நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அரிசி வியாபாரி பிறகு விவரம் சொன்னார். புயலால் கடைசி விமானம் தள்ளிப்போய், இறங்கியதும் நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். குழந்தை பிறக்கும்போது கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறான். பெண் குழந்தை.

பாய் வழக்கம்போல டம்ளரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். புறாக்கள் கூடின. பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் டம்ளரிலேயே போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கன்னியம்மா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவரை வழிமறித்தார். "எங்கியோ கீற நாட்டுக்கு ஆளையே பத்ரமா அனுப்பிட்ட. நம்ம தெருக் கொயாய்க்குத் தண்ணி அனுப்பத் தெரியாதா நைனா ஒனக்கு?"

அடுத்த சரக்குக்குப் பாய் வேறு டம்ளர் வாங்கினார், பழைய டம்ளர் பட்டையோடு இன்னும் மேஜையில் இருக்கிறது, எங்கள் தூதரகம் இதுவரை தோற்றது அந்தத் தெருக் குழாயிடம் மட்டும்தான்.