இரண்டாவது மணி

ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். அறுபது வயதிருக்கும். நகக்கண்களில் கழுவியும் போகாத ஊதாக்கறை. எதைக் கேட்டாலும் இரண்டாம் முறை கேட்டால்தான் திரும்புவார். காது மந்தம் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

“காது நல்லாத்தான் கேக்குது தம்பி. ரப்பர் தோட்டத்துல பழகுனது. பேய் ஒரு தடவதான் கூப்பிடும். ஆளுன்னா மறுபடி கூப்பிடுவாங்க.”

பிரான்சின் தென்மேற்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கிராமத்தில் எட்டு வருடம் வேலை செய்தாராம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்குமாம். அங்கே மாதா கோயில் மணி ஒருமுறை அடித்து, இரண்டு நிமிடம் கழித்து அதையே திரும்ப அடிக்குமாம், தூரத்தில் கொடிகளுக்குள் நிற்பவர்களுக்காக.

“ரெண்டாவது மணி கேட்டாத்தான் நான் கத்தரிக்கோலக் கீழ வைப்பேன். ஒருநாள் ஒரே பனி. சாயங்காலம் ஆறு மணிக்கு மணி ஒரு தடவதான் அடிச்சுச்சு.”

“அப்புறம்?”

மறுபடி கேட்டேன்.

“கூட இருந்த மூணு பேரும் மணி அடிச்ச பக்கம் நடந்தாங்க. நான் போகல லா. அவங்கள அதுக்கப்புறம் பாக்கவே இல்ல.”

டிரைவர் “சுங்காய்” என்றார். பெரியவர் இறங்கவேண்டிய ஊர் அதுதான், ஆனாலும் அவர் அசையவில்லை. நான் தோளைத் தொட்டு, “சுங்காய் வந்திருச்சுண்ணே” என்றதும் எழுந்து இறங்கிப் போனார்.

வண்டியில் மிச்சம் நானும் டிரைவரும்தான். கொஞ்ச தூரம் போனதும், பின் இருக்கையிலிருந்து யாரோ “அண்ணே” என்றார்கள்.

நான் திரும்பவில்லை. சிலிம் ரிவர் வரும்வரை இன்னொரு முறை கூப்பிடுவார்களா என்று காத்திருந்தேன்.

கூப்பிடவில்லை.