அப்பரில் பதினொரு வருஷம்

ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் சாயங்காலச் சங்கு ஊதிவிட்டது. வெளியே வந்த பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் பசை வாசனை அடிக்கிறது. நான் உதவியாளராக இருக்கும் சென்னைக் கல்லூரியின் பேராசிரியை அவர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார். பெண் தொழிலாளர்களைப் பற்றியும் அவர்கள் போராட்டங்களைப் பற்றியும் பல வருடங்களாக எழுதிவருகிறவர். நான் பின்னால் நிற்கிறேன்.

"பதினொரு வருஷமா அப்பர்லதான் இருக்கேன் மேடம்" என்கிறாள் அவர்களில் ஒருத்தியான ஷகிலா.

"அடடே, மேலே வந்துட்டீங்களா!" என்கிறார் பேராசிரியை.

"மேலே போறதுக்கு இன்னா மேடம் அவசரம்? புள்ளைங்கள்லாம் சின்னதுங்க!"

எல்லோரும் சிரிக்கிறார்கள். மேடமும் சிரித்தபடியே 'பதவி உயர்வு உண்டு' என்று நோட்டில் எழுதுகிறார். அது அப்படியே அவர் எழுதும் புத்தகத்தில் வந்துவிடும். என் அக்கா பேர்ணாம்பட்டில் அப்பர் தைத்தவள். ஆனால் பத்தாவது மட்டும் படித்த நான் மேடத்தை எப்படித் திருத்துவது?

"மேடம், அப்பர்னா ஷூவோட மேல்பாகம். அதைத் தைக்கிற வேலை. பதவி இல்ல." எப்படியோ சொல்லிவிடுகிறேன்.

மேடம் அந்த வரியை அடிக்கிறார். "நல்லவேளை சொன்னீங்க."

"நான் வேலை கத்துக்குடுத்த ஆம்பளைங்க ரெண்டு பேரு இப்ப எனக்கே சூப்பர்வைசரு. அதையும் எழுதிக்குங்க மேடம்" என்கிறாள் ஷகிலா.

எழுதி முடித்ததும் மேடம் நோட்டை என்னிடம் நீட்டுகிறார். "சரியா இருக்கான்னு இவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க."

இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் உரக்கப் படிக்கிறேன். பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. நான் முடிக்கும்வரை ஒருத்தியும் ஏறவில்லை.